சேவையகமும் ஒரு நிகர்கணினியே

ஒரே கோப்பை ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையில் கேட்டால் சேவையகம் திணறுகிறது. அதே கோப்பைச் சில ஆண்டுகள் கழித்து ஒருவர் மட்டும் கேட்டால், அதைப் பகிர்ந்துவந்த கணினிகளுள் ஒன்றுகூட இணைப்பில் இருப்பதில்லை. முதற்குறை எச்டிடிபி என்னும் வலைக்கோரிக்கை நெறிமுறைக்கும், இரண்டாவது குறை, பயனர்களின் கணினிகளே ஒன்றுக்கொன்று தரவை வழங்கும் பியர்-டு-பியர் எனப்படும் நிகர்கணினி வலையமைப்புக்கும் உரியவை. இரண்டையும் இணைப்பது நன்று என்பதில் ஐயமில்லை. இணைத்தபின் நம்பிக்கையை எதன்மீது வைப்பது என்பதே வடிவமைப்பாளர் முதலில் தீர்க்க வேண்டிய வினா.

2001இல் பிராம் கோஹன் உருவாக்கிய பிட்டோரன்ட் என்னும் நிகர்கணினிப் பகிர்வு நெறிமுறை, கோப்பு யாரிடம் உள்ளது என்று சொல்லும் டிராக்கரைத் தொடக்கத்திலிருந்தே எச்டிடிபி கோரிக்கையால்தான் அணுகியது. தரவையும் அவ்வழியே பெறும் ஏற்பாடு வெப் சீட் எனப்படுகிறது. இதற்கான இரு வரையறைகளுள், ஜான் ஹாஃப்மன் எழுதிய பெப் 17 (பிட்டோரன்ட் மேம்பாட்டு முன்மொழிவு 17) சேவையகத்தில் தனி நிரல் ஒன்றை வேண்டுகிறது. மைக்கேல் பர்ஃபோர்ட் எழுதிய பெப் 19க்கோ, கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்கும் பகுதிக் கோரிக்கையை ஏற்கும் எந்தச் சாதாரணச் சேவையகமும் போதும்.

பெப் 19இன் இயக்கம் எளியது. ஒரே கோப்பு கொண்ட டோரன்ட் (பிட்டோரன்ட்டில் பகிரப்படும் தொகுப்பு) ஒன்று 2,62,144 பைட் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தால், பூச்சியத்திலிருந்து எண்ணும் வரிசையில் 10ஆம் துண்டுக்காகச் செயலி 26,21,440 முதல் 28,83,583 வரையுள்ள பைட்டுகளைக் கேட்கிறது. சேவையகம் 206 என்னும் நிலைக்குறியீட்டுடன் அவற்றை மட்டும் அனுப்புகிறது. துண்டின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஷா-1 ஹாஷ், தொகுப்பை விவரிக்கும் டோரன்ட் கோப்பில் பதிந்துள்ள 20 பைட் மதிப்போடு ஒத்தால்தான் துண்டு ஏற்கப்படும்.

நம்பிக்கை பற்றிய வினாவுக்கு விடையும் இந்தச் சரிபார்ப்பிலேயே உள்ளது. டிஎல்எஸ் குறியாக்கம் சேவையகத்தின் அடையாளத்தையும் வழியில் தரவு மாறாமையையும் உறுதிசெய்யுமே ஒழிய, அங்கே வைக்கப்பட்டிருப்பது வெளியீட்டாளர் தந்த அதே கோப்புதானா என்று சொல்லாது. பெப் 19இல் சேவையக முகவரிகள், டோரன்ட்டின் அடையாளத்தை நிர்ணயிக்கும் தகவல் பகுதிக்கு வெளியே நிற்பதால், அவற்றை யார் வேண்டுமானாலும் பின்னர் சேர்க்கலாம், நீக்கலாம்; ஹாஷ் சரிபார்ப்பு உள்ளவரை அதனால் உள்ளடக்கம் கெடாது. ஆகவே சேவையகத்தை எப்போதும் இணைப்பிலிருக்கும் இன்னொரு நிகர்கணினியாகக் கொள்வதே முறை; அதற்கென்று தனிச்சலுகை கூடாது.

நடைமுறையில் இடர்கள் வேறிடத்தில் எழுகின்றன. பகுதிக் கோரிக்கையைப் பொருட்படுத்தாத சேவையகம் 200 என்ற குறியீட்டுடன் முழுக்கோப்பையும் அனுப்பத் தொடங்கும். செயலி அதை உடனே கண்டு இணைப்பைத் துண்டிக்காவிட்டால் இருபுறமும் வீண்செலவு. அரிதான துண்டையே முதலில் எடுக்கும் பிட்டோரன்ட் வழக்கத்தை அப்படியே எச்டிடிபிக்கும் பொருத்தினால், சிதறிய சிறு கோரிக்கைகள் பெருகும். இன்னும் பெறாத துண்டுகளின் தொடர்ச்சியான நீண்ட இடைவெளிகளைச் சேவையகத்துக்கு விட்டுவைக்க வேண்டும் என்று பெப் 19 சொல்வது இதனால்தான். பல கோப்புகள் கொண்ட டோரன்ட்டில் ஒரு துண்டு இரு கோப்புகளில் விரவி நின்றால் இரு கோரிக்கைகள் தேவைப்படும். ஒவ்வொரு கோப்பையும் துண்டெல்லையில் தொடங்கும் பிட்டோரன்ட் இரண்டாம் பதிப்பு இச்சிக்கலை நீக்குவதோடு, ஷா-256ஐப் பயன்படுத்தி 16 கிபிபைட் தொகுதி வரை சரிபார்க்கவும் வழிசெய்கிறது.

உலாவிகளுக்குள், அவற்றை நேரடியாக இணைக்கும் வெப்ஆர்டிசி வழியாக இதே கலப்பு நடக்கும்போது, ஒரே காணொளியைப் பார்ப்போரின் ஐபி முகவரிகள் ஒருவருக்கொருவர் தெரியவரும். பீர்டியூப் என்னும் காணொளி மென்பொருள் இப்பகிர்வை நிறுத்திவைக்கும் விருப்பத்தைப் பயனருக்குத் தந்திருப்பது பின்பற்றத்தக்கது.

கலப்பு முறையைச் செயற்படுத்துவோர் வேகத்தை அளப்பதோடு நிறைவடையாமல், பிழையான பைட்டுகளை 206 குறியீட்டுடன் அனுப்பும் சோதனைச் சேவையகம் ஒன்றையும் அமைத்து, செயலி அத்துண்டை நிராகரித்துப் பிற நிகர்கணினிகளிடமிருந்து பதிவிறக்கத்தை முடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இச்சோதனையில் தேறாத செயலியை வெளியிடுவதற்கு எவ்வளவு வேகமும் நியாயமாகாது.