வைக்கோலைக் காட்டி அரிசியை எரிக்கிறோம்

பெட்ரோலில் எத்தனால் கலப்பதைப் பற்றிப் பேச்சு வந்து, "சாப்பிடுகிற பொருளை வண்டிக்கு ஊற்றுவது நியாயமா?" என்று யாராவது கேட்டால் போதும், உடனே ஒரு பதில் வந்து விழும். "இனி வைக்கோலிலிருந்தே எடுக்கப் போகிறோம் சார், 2ஜி எத்தனால்!" (அந்த ஸ்பெக்ட்ரம் 2ஜி இல்லை, இது இரண்டாம் தலைமுறை.) கேட்டவர் வாயடைத்துப் போவார். என்னைக் கேட்டால், இந்தப் பதில் ஒரு திரை. பின்னால் நடப்பது வேறு.

முதலில் விஷயத்தைப் பார்ப்போம். வைக்கோல், கரும்புச் சக்கை, மூங்கில் எல்லாவற்றிலும் சர்க்கரை இருக்கிறது. சோற்றில் இருக்கிற அதே குளுக்கோஸ்தான். மாவுச்சத்தில் அது கோத்திருக்கும் விதத்தை நம் எச்சிலே அறுக்கத் தொடங்கிவிடும். செல்லுலோஸில் இணைப்பு வேறு மாதிரி, நம்மால் அறுக்க முடியாது. மாட்டின் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்களால் முடியும். போதாததற்கு செல்லுலோஸைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் என்று இரண்டு காவல். அமிலம், நீராவி என்று எதையாவது வைத்து முதலில் காவலை உடைக்க வேண்டும். பிறகு நொதிகளை விட்டுச் சர்க்கரையாக்க வேண்டும். அப்புறம்தான் ஈஸ்ட். அதிலும் ஹெமிசெல்லுலோஸிலிருந்து வரும் சைலோஸைச் சாதாரண ஈஸ்ட் புளிக்க வைக்காது.

இது புதுக் கனவும் இல்லை. 1819-லேயே பிரான்சில் ஆன்ரி பிராகொன்னோ கந்தல் துணியைக் கந்தக அமிலத்தில் போட்டுச் சர்க்கரை எடுத்துவிட்டார். ஆய்வகத்தில் முடியுமா என்பது கேள்வியே இல்லை. ஆலையில், கட்டுப்படியாகும் விலையில், வருஷம் முழுக்க ஓடுமா என்பதுதான் கேள்வி.

அமெரிக்கா இந்தக் கேள்விக்குப் பணத்தைக் கொட்டிப் பதில் தெரிந்துகொண்டது. 2022-க்குள் வருஷத்துக்கு 1600 கோடி கேலன் செல்லுலோஸ் எரிபொருள் என்று 2007-ல் சட்டமே போட்டார்கள். கான்சஸில் அபெங்கோவா ஆலை 2014-ல் திறந்தது, 2015-ல் நின்றது. அயோவாவில் டூபான்ட் ஆலை 2015-ல் திறந்தது, 2017-ல் விலைக்கு வந்தது. அதே அயோவாவில் போயட்-டிஎஸ்எம் ஆலை 2019-ல் உற்பத்தியை நிறுத்தியது. வேதியியல் தோற்கவில்லை. கல்லும் மண்ணுமாக வரும் கட்டுகளை இயந்திரம் விழுங்கவில்லை. நொதி செலவு வைத்தது. சில வாரங்களே கிடைக்கும் தாளை வருஷம் முழுக்கச் சேர்த்துவைக்க வேண்டியிருந்தது.

இப்போது நம் கதை. ஹரியானாவின் பானிபட்டில் 900 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து இந்தியன் ஆயில் கட்டிய வைக்கோல் ஆலையை 2022 ஆகஸ்டில் பிரதமர் தொடங்கிவைத்தார். வருஷத்துக்கு 2 லட்சம் டன் வைக்கோல், 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது திட்டம். நல்லது. ஆனால் 20 சதவீதக் கலப்புக்கு நாட்டுக்கு ஏறத்தாழ 1000 கோடி லிட்டர் வேண்டும்! யானைப் பசிக்குச் சோளப்பொரி. இதே மாதிரி இன்னும் 10 ஆலை வந்து எல்லாம் முழுத் திறனில் ஓடினாலும் நூற்றுக்கு மூன்றுதான் தேறும்.

மிச்சம் எங்கிருந்து வருகிறது? கரும்பு, மக்காச்சோளம், அரிசி. 2024-25-க்கு மட்டும் இந்திய உணவுக் கழக அரிசி 52 லட்சம் டன் எத்தனாலுக்கு ஒதுக்கப்பட்டது. 2025 ஜனவரியில் அதன் விலையைக் கிலோ 22 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள்.

"கிடங்கில் அரிசி குவிந்து கிடக்கிறதே, வீணாகலாமா?" என்பார்கள். குவிந்தது உண்மை. ஆனால் விளைச்சல் வருஷத்துக்கு வருஷம் மாறும், ஆலையின் பசி மாறாது. 2023 ஜூலையில் அரிசி தருவதை நிறுத்தியபோது ஆலைகள் மக்காச்சோளத்தின் பக்கம் திரும்பின. அடுத்த வருஷமே, அதை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு இறக்குமதி செய்தது. தீவன விலை தாங்காமல் கோழிப்பண்ணைக்காரர்கள் வரியில்லா இறக்குமதி கேட்டார்கள். முட்டை சாப்பிடுகிற எல்லோருக்கும் இதில் பங்குண்டு.

என் கோபம் இதுதான். ஒரு டன் அரிசியில் ஏறத்தாழ 450 லிட்டர் வரும். பானிபட் திட்டக் கணக்குப்படியே ஒரு டன் வைக்கோலில் 150 லிட்டர்தான். அரிசியை மலிவாகக் கொடுத்தால் எந்த முதலாளி வைக்கோலோடு மல்லுக்கட்டுவான்? வைக்கோலின் பெயரைச் சொல்லி வளர்க்கப்படும் திட்டமே வைக்கோலைக் கொல்கிறது.

வைக்கோலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம்மூரில் அது மாட்டுத் தீனி, அதை விட்டுவிடலாம். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் வயலிலேயே கொளுத்துவதை எடுக்கட்டும். கஷ்டப்பட்டு எடுத்த சர்க்கரையை எரித்துத் தீர்க்காமல் லாக்டிக் அமிலம், சைலிட்டால் என்று விலை போகும் பொருளாக மாற்றட்டும். அசாமின் நுமாலிகரில் 2025-ல் தொடங்கிய மூங்கில் ஆலை எத்தனாலோடு ஃபர்பியூரலும் அசிட்டிக் அமிலமும் எடுக்கும்படி அமைந்தது. அந்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது.

அதுவரை ஒவ்வொரு லிட்டரிலும் வைக்கோல் எவ்வளவு, அரிசி எவ்வளவு என்று பெட்ரோல் பங்கிலேயே எழுதிப் போடட்டும். கணக்கில் தப்பிருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். ஆனால் கணக்கைப் போட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.