இன்சுலினுக்கு உடம்பு பழகிவிடுமா?

"மாத்திரையிலேயே ஓட்டிக்கலாம் டாக்டர், ஊசி மட்டும் வேண்டாம். ஒரு தடவை போட்டா அப்புறம் விடவே முடியாதாமே." சர்க்கரை நோய் மருத்துவர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்த பேச்சு இது. கூடவே இன்னும் இரண்டு: ஊசி வரை போனால் வியாதி முற்றிவிட்டது என்று அர்த்தம், ஊசி போட்டால் கிட்னி போய்விடும். படித்தவர் வீடுகளிலும் இதே கதைதான்.

இன்சுலின் உடம்புக்கு அந்நியமான சரக்கே அல்ல. இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையத்தில், லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் எனப்படும் செல் கூட்டங்கள் ரத்தத்தில் நேராக விடும் ஹார்மோன் அது. சர்க்கரை நோயே இல்லாதவருக்கும் அது தினமும் சுரக்கிறது. ஏறத்தாழ பாதி, தூங்கும்போதுகூட நிற்காமல் சன்னமாகக் கசிகிறது. மீதி சாப்பிட்ட வேளைகளில் வேகமாக வருகிறது. காலையில் தின்ற நாலு இட்லி குளுக்கோஸாகி ரத்தத்தில் ஏறியதும், அதைத் தசையும் கொழுப்பும் உள்வாங்கச் செய்வது இன்சுலின். கல்லீரல் தன் பங்குக்குச் சர்க்கரையை வெளியே விடாமல் தடுப்பதும் அதுவே. வேலை முடிந்த சில நிமிடங்களில் சிதைந்துபோகிறது. இதற்குப் போய் யார் அடிமையாவது? ஊசியை நிறுத்தினால் சர்க்கரை ஏறுகிறதே என்றால், கணையம் போதுமான அளவு தரவில்லை, அவ்வளவுதான். மாத்திரையை நிறுத்தினாலும்தான் ஏறுகிறது. அதை யாரும் அடிமைத்தனம் என்பதில்லை.

'விடவே முடியாது' என்பது டைப் 1 நோயாளிகளுக்குப் பொருந்தும். அவர்களுடைய கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடலின் எதிர்ப்பு சக்தியே அழித்துவிடுகிறது. 1922 ஜனவரியில் டொரண்டோவில் இதே நோய் இருந்த 14 வயது லெனார்ட் தாம்சனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டபோது அந்தக் கணையச் சாறு சுத்தமாக இல்லை, பெரிய பலனும் இல்லை. உயிர்வேதியியலாளர் ஜேம்ஸ் காலிப் சுத்திகரித்துத் தந்ததை 23ஆம் தேதி போட்டார்கள், சர்க்கரை இறங்கியது. அதுவரை இந்த நோய் வந்த பிள்ளைகளுக்குப் பட்டினி வைத்தியம்தான். தாம்சன் மேலும் 13 ஆண்டு உயிரோடிருந்தார். கர்ப்பகாலச் சர்க்கரைக்குப் போடும் ஊசியோ பெரும்பாலும் பிரசவத்தோடு நின்றுவிடுகிறது. டைப் 2-இல்கூட, எகிறிய சர்க்கரையே பீட்டா செல்களை முடக்கிப் போட்டிருக்கும். கொஞ்ச காலம் இன்சுலின் கொடுத்து இறக்கியதும் செல்கள் சற்றுத் தெளிந்து, மாத்திரைக்குத் திரும்பியவர்கள் உண்டு.

முற்றிய நோய் என்ற பேச்சைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. டைப் 2-இல் கணையம் ஆண்டுக்காண்டு தளர்வது நோயின் போக்கு. ஊசி எழுதுவது தண்டனைச் சீட்டும் அல்ல, நோயாளியின் பத்தியக் குறைவுக்கு அத்தாட்சியும் அல்ல.

கிட்னி விஷயம்தான் விஷமம். பத்து வருடம் கட்டுக்கடங்காத சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சிறுநீரக வடிகட்டிகளை அரித்திருக்கும். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டுக் கடைசியில் நோயாளி ஊசி தொடங்குவார். அடுத்த வருடம் டயாலிசிஸ். பார்த்த உறவினர் பழியை ஊசிமேல் போடுவார். பிரிட்டனில் 1998இல் வெளியான பெரிய ஆய்வு சொன்னது நேர்மாறு: மாத்திரையாலோ இன்சுலினாலோ சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களுக்கு, கண், சிறுநீரகம் போன்ற இடங்களில் நுண்குழாய்ப் பாதிப்பு 25 சதவீதம் குறைந்தது. இன்னொன்று: இன்சுலினைச் சிதைத்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்கும் பங்குண்டு. அது பழுதானால் போட்ட இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும். "இப்பல்லாம் கம்மி யூனிட்டே போதுது" என்று ஒருவர் காரணமில்லாமல் மகிழ்ந்தால், முதலில் சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பயப்பட வேண்டியவை வேறு. இங்கே குப்பியில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனாவில் வருவது பெரும்பாலும் 100 யூனிட். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ஏற்றினால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். வலிக்கவில்லையே என்று தொப்புள் பக்கத்தில் ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தால் அங்கே கட்டி தட்டும், மருந்து ஒழுங்காக ஏறாது. ஊசி போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும். ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.