கொல்லனை மறந்த மேடை

கோடை விடுமுறையில் தேசிய மாணவர் படை முகாமுக்குச் செல்லும் பள்ளிப் பிள்ளைகளை வழியனுப்பச் சிறு கூட்டங்கள் எங்கள் பக்கத்தில் நடப்பதுண்டு. தமிழ் படித்தவர் என்பதற்காக எம்போன்றோரை அங்கே மேடையேற்றுவர். இரண்டு சரக்குகள் தவறாமல் விலைபோகும். ஒன்று, கங்கை வரை படையனுப்பிய இராசேந்திர சோழன். மற்றொன்று, ஒற்றை மகனைப் போருக்கு அனுப்பிய புறநானூற்றுத் தாய். கங்கைகொண்ட சோழபுரத்து விமானம் கண்ணில் படும் தொலைவில் இருந்துகொண்டு இவ்விரண்டையும் மறுத்துப் பேசுவது ஊரோடு பகைகொள்வது போலத்தான். ஆயினும் பேசத்தான் வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தத் தாய். ஒக்கூர் மாசாத்தியார் பாடிய 279ஆம் பாட்டு. பிறந்த வீட்டு ஆண்மகன் ஒருவனை முன்பும், கணவனை நேற்றும் களத்தில் இழந்தவள், இன்று பறையொலி கேட்டதும் மகனின் வறண்ட குடுமிக்கு எண்ணெய் தடவி, வெள்ளாடை உடுத்தி, கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள். மேடைப் பேச்சாளர் இதைச் சொன்னதும் கைதட்டல் எழும். ஆனால் பாட்டின் குரல் அவளுடையது அன்று. அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருடையது. அந்தக் குரல் அவள் நெஞ்சைச் சபித்துக்கொண்டுதான் தொடங்குகிறது. பழிப்பது போலப் புகழ்வது என்று உரை கூறுவர், கூறட்டும். அந்தத் தொடக்கத்தில் உள்ள நடுக்கத்தை எந்த உரையும் துடைத்துவிட முடியாது. நம் பேச்சாளர்களோ அந்தத் தொடக்கத்தைச் சொல்வதே இல்லை.

அதைவிடப் பெரிய பிழை வேறு. தேசிய மாணவர் படை போர்ப்படை அன்று. குன்சுரு குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 1948இல் இயற்றப்பட்ட சட்டத்தால் உருவான பயிற்சி அமைப்பு அது. அதில் சேரும் மாணவருக்குப் போர்ச் சேவைக் கடப்பாடு எதுவும் இல்லை. சீனப் போருக்குப் பின் 1963இல் கல்லூரிகளில் கட்டாயமாக்கப்பட்டது. 1968இல் மீண்டும் விருப்பத்துக்கு விடப்பட்டது. (அதே 1968 சனவரியில் அதன் இந்திக் கட்டளைச் சொற்களை எதிர்த்து நம் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது, அது தனியே எழுதவேண்டிய கதை.) எட்டாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும் படிக்கும் பிள்ளைகள் பத்து நாள் அணிவகுப்புப் பழகவும், துப்பாக்கியைக் கையாளவும், வரைபடம் படிக்கவும் போகிறார்கள். பதின்மூன்று வயதுப் பையனிடம் போய் யானையை எறிந்து மாய்ந்தவர் கதையைச் சொல்வானேன்? ‘இராணுவ மோகம்’ என்று இந்த முகாம்களையே ஒதுக்கும் இலக்கிய நண்பர்களுடனும் எனக்கு உடன்பாடில்லை. வீட்டையும் ஊரையும் விட்டு வெளியே தங்கும் முதல் பத்து நாள் பல பிள்ளைகளுக்கு அதுதான். அதன் அருமை நகரத்திலிருந்து எழுதுவோர்க்குத் தெரியாது.

புறநானூறுதான் வேண்டுமென்றால் பொன்முடியாரின் 312ஆம் பாட்டைப் படிக்கட்டும். அதையும் சொல்கிறார்கள்தாம், இளைஞன் களிற்றைக் கொன்று மீளும் கடைசிப் பகுதியை மட்டும். அதற்குமுன் நான்கு பேருடைய பொறுப்பு வரிசையாக வருகிறது. ஈன்று வளர்ப்பது தாய் பொறுப்பு. சான்றோனாக்குவது தந்தை பொறுப்பு. வேலைச் செய்து தருவது கொல்லன் பொறுப்பு. அதன்பின் வேந்தன் பொறுப்பு. ‘நன்னடை’ என்பதற்குத் ‘தண்ணடை’ என்றொரு பாடமும் உண்டு. அதைக் கொண்டால் மருதநிலத்து ஊரையே வேந்தன் கொடுக்கக் கடமைப்பட்டவன் ஆகிறான். இத்தனை பெரியவர்களும் தத்தம் கடனைத் தீர்த்த பிறகே பிள்ளையின் முறை வருகிறது. நாம் முதல் நான்கையும் விழுங்கிவிட்டு ஐந்தாவதை மட்டும் அவன் தலையில் வைக்கிறோம்.

கொல்லன் பொறுப்பையே எடுத்துக்கொள்வோம். இன்று அது பூட்ஸ். ஆண்டு முழுவதும் ரப்பர்ச் செருப்பில் நடந்த கால், முகாமுக்கு முந்திய நாள் கிடைத்த விறைத்த தோல் பூட்ஸுக்குள் நுழைகிறது. இரண்டாம் நாள் குதிகாலில் கொப்புளம். மூன்றாம் நாள் அது உடைந்து புண். பெரிதாக இருக்கும் பூட்ஸுக்குள் துணியை அடைத்துக்கொண்டு நடக்கும் பையனை ‘அடி பிசகுகிறாய்’ என்று அதட்டுவது எளிது. இரு வாரம் முன்பே பூட்ஸைக் கொடுத்து, தடித்த காலுறையுடன் நாளுக்கு அரைமணி நேரம் நடக்கவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துபோகும் சிக்கல் இது.

அடுத்தது வெயில். மே மாதக் கத்திரி வெயிலுக்கு உடல் பழக ஏழு முதல் பதினான்கு நாள் ஆகும். முகாமோ பத்தே நாள். அதாவது, பழக்கமில்லாமல் போகும் பிள்ளைக்கு உடல் பழகும் வேளையில் முகாம் முடிந்துவிடும். ‘சாவ்தான்’ நிலையில் அசையாது நெடுநேரம் நின்றால் குருதி கால்களில் தேங்கி, தலைக்குப் போவது குறைந்து மயக்கம் வரும். பூட்ஸுக்குள் கால்விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதை யாராவது சொல்லிக் கொடுத்தால் போதும். காலையில் வெறும் வயிற்றோடு நிற்காதே, தாகம் எடுக்குமுன் தண்ணீர் குடி, தலை சுற்றினால் உடனே சொல், அது கோழைத்தனம் அன்று: வழியனுப்பு விழாவில் சொல்லவேண்டிய வீர உரை இதுதான். இதை மேடையில் ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. இவற்றையெல்லாம் கவனிப்பவர் அந்தப் பள்ளியின் என்.சி.சி. ஆசிரியர் ஒருவரே. மருத்துவச் சான்று, பெற்றோர் ஒப்புதல், தட்டு, டம்ளர், போர்வை, கொசுவலை என்று பட்டியலோடு அலையும் அவருக்கு மேடையில் நாற்காலிகூட இருப்பதில்லை.

தாய் தந்தையரைப் பற்றியும் ஒரு சொல். செயங்கொண்டம் வட்டாரத்தில் கோடை என்பது முந்திரிக்கொட்டை பொறுக்கும் காலம். பிள்ளையைப் பத்து நாள் அனுப்புவது பல வீடுகளில் பத்து நாள் கூலியை விடுவது. அந்தத் தாயை எதிரே உட்காரவைத்துவிட்டுப் புறநானூற்றுத் தாயைப் பார் என்கிறோம்.

இனி இராசேந்திரன். திருவாலங்காட்டுச் செப்பேடுகளின்படி கங்கைக்குப் போனவன் தண்டநாயகன். மன்னன் அவனைக் கோதாவரிக் கரையில் எதிர்கொண்டான். வெற்றிக்குச் சின்னமாக அவன் எழுப்பியது கற்றூண் அன்று, நீராலான தூண் என்று அச்செப்பேடுகளே கூறுகின்றன. சோழகங்கம் என்ற அந்த ஏரியை இன்று பொன்னேரி என்கிறோம். இராசேந்திரன் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்துவோர், மைதானத்தின் எந்த மூலையில் எத்தனை குடம் தண்ணீர் வைத்திருக்கிறோம் என்று முதலில் சொல்லட்டும்.

‘இவ்வளவு பார்த்துப் பார்த்து வளர்த்தால் பிள்ளை எப்படி உறுதிப்படும்?’ என்று கேட்பார்கள். புண்ணான காலோடு அணிநடையில் நிற்க எந்தப் படையும் ஆளைத் தேர்வதில்லை. வரும் கோடையில் கூட்டம் போடுவோரிடம் நான் கேட்பது சிறியது: பேச்சாளருக்குப் பொன்னாடை வேண்டாம். அந்தப் பணத்துக்கு இரண்டு மூன்று சோடித் தடித்த காலுறை கிடைக்கும்; ஏப்ரல் மாதமே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.