60க்கும் 80க்கும் நடுவுல என்ன இருக்கு?

1/ "80லதான் சார் வந்தேன், பெரிய ஸ்பீடெல்லாம் இல்ல." விபத்துப் பிரிவில் அடிக்கடி கேட்கும் வசனம். ஒரு பிளஸ் ஒன் கணக்கு போட்டுப் பார்ப்போமா?

2/ காய்ந்த ரோடு, நல்ல பிரேக். குறுக்கே ஆளைப் பார்த்து, கால் பிரேக்கை மிதிக்கவே சுமார் 1 வினாடி. அப்புறம் ஒவ்வொரு வினாடியும் வேகம் 25 கி.மீ. வீதம் சீராகக் குறையுதுன்னு வெச்சுக்கோங்க.

3/ 60ல் வந்தால்: மிதிக்கும் முன் 17 மீட்டர், நிற்க 20. மொத்தம் 37.
80ல் வந்தால்: 22 + 36 = 58.
பிரேக் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப கூடும். மழையில் இன்னும் அதிகம்.

4/ பயமுறுத்துவது இதுதான். 60ல் வந்த கார் முழுசா நின்னுட்ட அதே இடத்தை, 80ல் வந்த கார் இன்னும் 60 கி.மீ. வேகத்தில் கடக்கும். அங்க நிக்கிறது ஒரு ஸ்கூல் பிள்ளைன்னா?

5/ இதில் 10 கி.மீ.க்கு மிச்சமாவது இரண்டரை நிமிஷம். லைசென்ஸுக்கு எட்டு போடச் சொல்றதோட, இந்தக் கணக்கையும் கேட்கணும். ஊருக்குள்ள வேகத்தைக் குறைங்க மக்களே. உடைஞ்ச எலும்பைச் சேர்க்கலாம்; எல்லாத்தையும் எங்களால சேர்க்க முடியாது.