மழை வந்தா சிக்கன் நனையட்டும்!

வீக் எண்டு வந்தா போதும்... ஆளாளுக்கு ஷேர் போட்டு, ரெண்டு கிலோ சிக்கனும் ஒரு மூட்டை அடுப்புக்கரியும் வாங்கி, மொட்டை மாடியில பார்பெக்யூ போடக் கிளம்பிடறீங்க. ஜமாய்ங்க! மசாலா ஊறுற கேப்ல இதையும் படிச்சிடுங்க மக்கா.

கொடியில காயுற லுங்கி, பிளாஸ்டிக் தண்ணி டேங்க், கீத்துக் கொட்டகை... எல்லாத்துக்கும் 10 அடியாவது தள்ளி அடுப்பை வைங்க. பக்கத்துல ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

கரி பத்திக்க லேட்டாகும். அதுக்குள்ள பைக்ல இருந்து பெட்ரோல் உறிஞ்சிட்டு வர ஒரு ஹீரோ எல்லா கேங்லயும் இருப்பான். முதல்ல அவனை உட்கார வைங்க! பெட்ரோல் ஆவி காத்தைவிட கனம். தரையோட தரையா பரவி, தூரத்து நெருப்பையும் கேன் வரைக்கும் கூட்டிட்டு வந்துடும். கொட்டாங்கச்சியும் ரெண்டு கட்டி சூடமும் போதும். கொழுப்பு சொட்டி தீ எகிறினா தண்ணி ஊத்தாதீங்க. அது சட்டுன்னு ஆவியாகி, எரியற கொழுப்பை உங்க மேலயே தெறிக்க விடும். மூடி போடுங்க, இல்லேன்னா மணல்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரியற வில்லன். தெரியாத வில்லன் மழையோட வருவான். 'தீதான் அணைஞ்சிடுச்சே, வெறும் கங்குதானே'ன்னு அடுப்பை ரூமுக்குள்ள இழுத்து வெச்சு, ஜன்னலைச் சாத்திட்டுப் படுத்துடறது இருக்கே... அதுதான் டேஞ்சர். ஜுவாலை இல்லாம கனியற கரி, கார்பன் மோனாக்சைடைக் கக்கிட்டே இருக்கும். நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. நம்ம ஹீமோகுளோபினோட ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும். தலைவலி, வாந்தி, மயக்கம்... 'நைட் சாப்பிட்டது ஒத்துக்கல போல'ன்னு நெனைச்சுத் தூங்கினவங்க எழுந்திருக்காமலே போயிருக்காங்க பாஸ். ஃபேன் ஓடுது, ஜன்னல் திறந்திருக்குன்னு எல்லாம் நம்பாதீங்க. மழை வந்தா சிக்கன் நனையட்டும், அடுப்பு உள்ள வரக்கூடாது. யாருக்காவது தலை சுத்தினா, எல்லாரும் வெளிய வந்துட்டு 108-க்கு போன் போடுங்க. தீ கைமீறினா 101.

கை சுட்டுடுச்சா? பேஸ்ட், இங்க், மாவு எதுவும் வேணாம். குழாய்த் தண்ணியில 20 நிமிஷம் காட்டுங்க.

அப்புறம் சாம்பல். மேல வெள்ளையா சாதுவா இருக்கும், உள்ள மறுநாளும் கங்கு இருக்கும். பாலிதீன் கவர்ல கட்டி குப்பைத் தொட்டியில போட்டுடாதீங்க. தண்ணி ஊத்திக் கிளறி, இரும்பு வாளியில மூடி வெச்சு, ரெண்டு நாள் கழிச்சுக் கொட்டுங்க. வாட்ச்மேன் அண்ணன்கிட்ட வாளி மேட்டரைச் சொல்லிடுங்க. பசங்களுக்கு ஹெல்ப் பண்றேன்னு காலங்காத்தால அவர் தூக்கிக் கொட்டிடப் போறார்!