பழைய மாணவன் கொண்டுவந்த மின்சிகரெட்



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். யார் என்று கேட்காதீர்கள். அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். காபி குடித்ததும் சட்டைப் பையிலிருந்து பேனா போல ஒன்றை எடுத்தான். "சார், பட்டனை அமுக்கினா லைட் மூணு தடவை சிமிட்டிட்டு அணைஞ்சுடுது. காயில் போயிடுச்சுன்னு நினைக்கிறேன். உங்க மல்டிமீட்டர்ல பார்த்துச் சொல்றீங்களா?" என்றான். மின்சிகரெட்!

என் மனைவி முறைத்தாள். எனக்கும் திட்டத்தான் வாய் வந்தது. ஆனால் மறைக்காமல் கேட்டவனைத் திட்டினால் அடுத்த முறை யாரிடம் போய்க் கேட்பான்? சோதித்தேன்.

மீட்டரை 200 ஓம் அளவில் வைத்து, முதலில் அதன் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டேன். 0.3 காட்டியது. அது மீட்டர் வயரின் தடை, கழித்துவிட வேண்டும். பிறகு காயிலைப் பேட்டரியிலிருந்து கழற்றி, நடு முனையிலும் வெளி மரையிலும் வைத்தேன். காயில் மேல் 1.2 ஓம் என்று போட்டிருந்தது. மீட்டரோ 0.5 காட்டியது. கழித்தால் 0.2. கம்பி அறுந்திருந்தால் அளவே வராது. இது அறுந்ததல்ல, ஷார்ட்.

"ஓம் விதி ஞாபகம் இருக்கா?" என்றேன். சொன்னான். முழுதும் சார்ஜ் ஆன லித்தியம் பேட்டரி 4.2 வோல்ட். 1.2 ஆல் வகுத்தால் 3.5 ஆம்பியர். 0.2 ஆல் வகுத்தால் 21. அந்தச் சின்னப் பேட்டரி அதைத் தாங்காது, சூடேறித் தீப்பற்றலாம். அதனால்தான் உள்ளே இருக்கும் சர்க்யூட் மின்சாரத்தை நிறுத்திவிட்டு விளக்கைச் சிமிட்டுகிறது. அது எச்சரிக்கை. ஃப்யூஸ் போனால் தடித்த கம்பியைக் கட்டும் நம் வீட்டு வழக்கத்தை இதில் காட்டினால் விபரீதம்.

"வாங்கின கடையில கேட்க வேண்டியதுதானே?" என்றேன். "கடை ஏது சார், பில் ஏது?" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் நாட்டில் மின்சிகரெட்டைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, இருப்பு வைப்பது எல்லாம் 2019 சட்டப்படி குற்றம். திருட்டுத்தனமாக வரும் பொருளில் காயிலின் தரத்தையும் யாரும் பார்ப்பதில்லை, திரவத்தில் என்ன கலந்திருக்கிறது என்றும் யாரும் சொல்வதில்லை. இஸ்திரிப் பெட்டி கெட்டால் துணிதான் கசங்கும். இது வாயில் வைக்கும் பொருள்.

என் கருத்து இதுதான். காயிலில் உள்ள ஷார்ட்டை மீட்டர் காட்டிவிடும். புகையில் உள்ள நிகோடினையும், அது பிடித்துக்கொள்ளும் பழக்கத்தையும் எந்த மீட்டரும் காட்டாது. ஆகவே சோதித்துச் சொன்னேன், சரிசெய்து தரவில்லை. "சரிபண்ணத் தெரியும்ப்பா, ஆனா பண்ண மாட்டேன்" என்றேன்.

அவன் அதை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனான். பழக்கத்தையும் விட்டானா தெரியாது. ஆனால் நேற்று போன் செய்து, "சார், ஞாயித்துக்கிழமை வரட்டுமா?" என்று கேட்டான். திட்டியிருந்தால் இந்தப் போன் வந்திருக்காது.

இன்று பெற்றோராக இருக்கும் என் மாணவர்களே, உங்கள் பிள்ளை இப்படி ஒன்றைக் கொண்டுவந்தால், கை ஓங்கும் முன் அவன் கேட்பதைக் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்