மேப் என்றால் கலர் அடிப்பது மட்டும்தானா?

இந்தத் தடவை கடி ஜோக்கும் விடுகதையும் எழுதித் தரலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஒரு விஷயம் மனசை உறுத்திக்கிட்டே இருக்கு. அதனால் இதை எழுதுகிறேன். இடம் பத்தாமல் எழுத்தைச் சின்னதாக்கி இருக்கிறேன், பக்கத்தில் வந்து படியுங்கள்.

பரீட்சையில் மேப் கேள்வி வந்தால் நாம் என்ன செய்கிறோம்? காவிரிக்கு ஒரு நீலக் கோடு, பாலாற்றுக்கு ஒரு நீலக் கோடு. பேர் எழுதி மார்க் வாங்கிவிடுகிறோம். அந்த ஆறு ஏன் அந்த வழியாகப் போகுது என்று யாரும் கேட்பதில்லை, நாமும் யோசிப்பதில்லை. இது சரியில்லை என்பது என் கருத்து.

போன மாசம் எங்கள் டீச்சர் ஒரு தலப்படம் கொண்டு வந்தாங்க. டோப்போ ஷீட் என்பார்களே, அதுதான். இந்திய நில அளவைத் துறை போட்டது, எண் 57 பி/5. ஆற்காடு, வாலாஜா, காவேரிப்பாக்கம் எல்லாம் அந்த ஒரே தாளில் இருக்கு. படத்தில் 1 சென்டிமீட்டர் என்றால் தரையில் 500 மீட்டர். எல்லோரும் முதலில் அவரவர் ஊரைத்தான் தேடினோம். அப்புறம்தான் பழுப்புக் கோடுகளைப் பார்த்தோம். அம்மூர் காட்டுக் குன்றுகள் பக்கம் சிக்கெடுக்காத தலைமுடி மாதிரி நெருக்கமாகக் கிடந்தது. அவை சமஉயரக் கோடுகள். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 20 மீட்டர் உயர வித்தியாசம். நெருங்கி இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் சமவெளி.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஓடை இருக்கும் இடத்தில் கோடு வளைவதுதான். ஓடையைத் தாண்டும்போது கோடு கொண்டை ஊசி மாதிரி வளையுது. ஊசியின் வளைந்த முனை எப்பவும் தண்ணீர் வருகிற மேட்டுப் பக்கத்தைப் பார்க்குது. ஏன் என்று எனக்கு முதலில் புரியவில்லை. டீச்சர் ஒரு எறும்பு கதை சொன்னாங்க. மலைச்சரிவில் ஒரே உயரத்திலேயே நடக்கணும் என்று ஒரு எறும்பு சபதம் எடுத்திருக்கு. நடுவில் ஓடை வந்தால் அது பள்ளத்தில் இறங்கக் கூடாது. அப்போ ஓடையோரமாக உள்ளே போய், ஓடையின் தரை அதே உயரத்துக்கு வருகிற இடத்தில் தாண்டி, அந்தப் பக்கமாகத் திரும்பி வரணும். அந்த எறும்பு நடந்த வழிதான் கோடு. தண்ணீர் எவ்வளவு ஆழமாக மலையை அறுத்திருக்கோ அவ்வளவு நீளமாக எறும்பு சுத்தணும். அதாவது தண்ணீர் எத்தனையோ ஆயிரம் வருஷமாகச் செய்த வேலை அந்த வளைவில் இருக்கு.

நம்ம பக்கம் சமவெளி. கோடுகள் ரொம்பத் தள்ளித் தள்ளி இருக்கு. இங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். அது தப்பு. கொசஸ்தலை ஆற்றுக்கு விருத்த க்ஷீர நதி என்று ஒரு பழைய பேர் இருக்கு. க்ஷீரம் என்றால் பால், விருத்தம் என்றால் கிழம். கிழட்டுப் பாலாறு! பாலாறு ஒரு காலத்தில் காவேரிப்பாக்கம் பக்கமிருந்து வடகிழக்கே போய், இன்றைக்குக் கொசஸ்தலை ஓடுகிற வழியில் எண்ணூர் பக்கம் கடலில் கலந்தது என்று நிலவியல் படித்தவர்கள் சொல்கிறார்கள். இப்போது அது தென்கிழக்கே திரும்பி வயலூரில் கடலைச் சேருது. படத்தில் பாருங்கள், அந்தப் பழைய வழியைத் தடுக்க நடுவில் ஒரு மலை கூட இல்லை. எங்கள் சித்தப்பா நிலத்தில் போர் போட்டபோது உருண்டை உருண்டையாகக் கூழாங்கல்லும் ஆற்று மணலும் வந்தது. பாலாறு அங்கிருந்து எவ்வளவோ தூரம்! படம் மேல்தோலைத்தான் காட்டும், அடியில் இருப்பதைக் காட்டாது. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை புரியுது.

இனி உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊருக்கு வெளியே ஒரு இடத்தில் கலர் கல் நட்டு மனை விற்கிறார்கள். அப்பாவும் ஒரு மனை பார்த்து வைத்திருக்கிறார், சீட்டுப் பணத்தை எடுத்து அட்வான்ஸ் கொடுக்கப் போகிறார். படத்தில் அந்த இடத்தைத் தேடினேன். அதன் குறுக்கே ஒரு மெல்லிய கறுப்புக் கோடு போகுது. வண்டிப் பாதை என்று நினைத்தேன். பாதை என்றால் சிவப்பில் இருக்கும், எப்பவும் தண்ணீர் இருந்தால் நீலம், மழைக்கு மட்டும் ஓடுகிற ஓடைதான் கறுப்பு என்று டீச்சர் சொன்னாங்க. சமஉயரக் கோடு அங்கே வளையவே இல்லை. ரெண்டு ஆள் ஆழ ஓடைக்கெல்லாம் 20 மீட்டர் கோடு வளையாதாம். அதனால் ஏரிகளைப் பார்த்தேன். கரை இருக்கும் பக்கம்தானே தாழ்வான பக்கம்? மேலே ஒரு ஏரி, கீழே ஒரு ஏரி, நடுவில் அந்தக் கறுப்புக் கோடு. மேல் ஏரி கோடி போனால் தண்ணீர் கீழ் ஏரிக்கு வர வேற வழியே கிடையாது.

2021 நவம்பரில் பாலாற்றில் பெரிய வெள்ளம் வந்தது ஞாபகம் இருக்கா? நான் அப்போ ஐந்தாம் வகுப்பு. அந்த இடத்தில் முழங்கால் தண்ணீர் ஓடியதை நானே பார்த்தேன். எங்க ஆயாவும் அதைத்தான் சொல்லுது, "அது ஓடைடி, காஞ்சு கெடந்தா ஓடை இல்லன்னு ஆயிடுமா?" ஆயா பள்ளிக்கூடமே போனதில்லை. நாம் இத்தனை வருஷமாக மேப் போடுகிறோம், நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அதனால் நான் கேட்பது இதுதான். நம்ம ஊர்ப் படம் ஒன்று வகுப்புச் சுவரில் எப்பவும் மாட்டி இருக்கணும். நில அளவைத் துறையின் படங்களை 2017-லிருந்து கம்ப்யூட்டரில் இலவசமாக எடுக்கலாமாம். பிரிண்ட் போடத்தான் செலவு. வகுப்புக்கு ஆளுக்கு ரெண்டு ரூபாய் போட்டால் முடிந்துவிடும். நாம் பிறப்பதற்கு முன்னால் அளந்த படம், இப்போ எல்லாம் மாறிப்போச்சு என்று 'அ' பிரிவில் ஒருத்தி சொன்னாள். வீடும் ரோடும் மாறி இருக்கும், ஒத்துக்கிறேன். சரிவு மாறி இருக்குமா?

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். முதலில் கோபப்பட்டார். "பத்திரம் எல்லாம் கரெக்டா இருக்கு, நீ மேப்பை வெச்சுக்கினு பேசற" என்றார். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. நேற்று ராத்திரி, ஞாயிற்றுக்கிழமை அந்த ஏரிக்கரை மேலே நடந்து பார்க்கலாம் வா என்று கூப்பிட்டார். டீச்சரிடம் படத்தை ரெண்டு நாளைக்குக் கேட்டிருக்கிறேன்.

— 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி